கொழும்பில் எண்ணிப் பார்த்தால்: எக்ஸ்பாக்ஸ் அலை எக்ஸ் கையடக்கக் கருவி

என் அக்காவின் மகன் 2025 ஜூன் மாதம் தொடக்கம் ஒரு கருவியின் பெயரை ஓயாமல் உச்சரித்துக்கொண்டிருக்கிறான். ஏசஸ் நிறுவனமும் மைக்ரோசொஃப்டும் கூட்டாக அறிவித்து, அதே ஆண்டு ஒக்டோபர் 16ஆம் திகதி பல நாடுகளில் விற்பனைக்கு விட்ட ஆர்ஓஜி எக்ஸ்பாக்ஸ் அலை எக்ஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிதான் அது. அறிவிப்பு வந்த கிழமையே அவன் வெள்ளவத்தையில் உள்ள எங்கள் தொடர்மாடி வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுத் தட்டை ஒரு பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, "மாமா, இது ஒண்டு இருந்தால் லப்டொப்பும் தேவையில்லை, பிளேஸ்டேஷனும் தேவையில்லை, எல்லாம் இதுக்குள்ளேயே இருக்கு" என்று விளக்கத் தொடங்கினான். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளைக்கு மடிக்கணினி ஒன்று வாங்க உதவுவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வாக்கை இந்தக் கருவியின் பக்கம் திருப்பிவிடுவதே அவன் நோக்கம். பணத்தில் பாதி அவனுடைய சேமிப்பு, மற்றப் பாதி என்னுடையது. ஆவல் முழுவதும் அவனுடையது, சந்தேகம் முழுவதும் என்னுடையது.

அந்தச் சந்தேகத்துக்கு வயது பதினைந்து. 2010ஆம் ஆண்டளவில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில், மின்சாதனங்கள் கூரை வரை அடுக்கப்பட்ட ஒரு கடையில், பெயர் தெரியாத ஒரு தயாரிப்பாளரின் கையடக்கக் கருவியை வாங்கினேன். பார்வைக்கு அன்றைய புகழ்பெற்ற விளையாட்டுக் கருவி ஒன்றை அப்படியே உரித்து வைத்தது போல இருந்தது. பாட்டு, படம், புகைப்படம், கமரா, குரல்பதிவு, மின்னூல், வானொலி, தொலைக்காட்சி இணைப்பு, அவற்றுக்கு மேல் முந்நூறு விளையாட்டுகள் என்று பெட்டியின் நான்கு பக்கங்களிலும் அச்சிட்டிருந்தார்கள். கமராவில் எடுத்த படம் முத்திரை அளவில் வந்தது. முந்நூறு விளையாட்டுகளில் முக்கால்வாசி ஒரே விளையாட்டின் வேறு வேறு நிறங்கள். மின்னூல் பகுதியில் ஆசையோடு ஒரு தமிழ்க் கோப்பைப் போட்டுத் திறந்தபோது, பக்கம் முழுவதும் சின்னச் சின்னச் சதுரக் கட்டங்கள், பல்லாங்குழிப் பலகையைச் சதுரமாக வெட்டியது போல வரிசை வரிசையாக நின்றன. வானொலி மட்டும் உண்மையில் வேலை செய்தது. 2011 ஏப்ரல் 2ஆம் திகதி, யாழ்ப்பாணம் போகும் இரவுப் பேருந்தில் இருந்து, காதுக்குழாய் வயரையே ஏரியலாக்கி, உலகக் கிண்ண இறுதிப் போட்டியின் வர்ணனையை விட்டுவிட்டுக் கேட்டேன். அந்தக் கருவி எனக்குச் செய்த ஒரேயொரு உருப்படியான வேலை, மும்பையில் நம் அணி தோற்றதை அறிவித்ததுதான்.

பெயரில்லாத தயாரிப்பாளர்கள் மட்டும்தான் இப்படி என்று சொல்லிவிட முடியாது. 1997இல் அமெரிக்காவில் வெளிவந்த கேம் டொட் கொம் என்ற கருவியில் தொடுதிரை, முகவரிப் புத்தகம், நாட்காட்டி, மோடம் வழியாக இணையத் தொடர்பு என்று காலத்துக்கு முந்திய பல வசதிகள் இருந்தன. விளையாடத் தகுந்த விளையாட்டுகள்தான் இருக்கவில்லை. 2003இல் நோக்கியா வெளியிட்ட என்-கேஜ் தொலைபேசியாகவும் பாட்டுப் பெட்டியாகவும் விளையாட்டுக் கருவியாகவும் இருக்க முயன்றது. ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் விளிம்பில் இருந்ததால், பேசுபவர் கருவியைத் தட்டையாகப் பிடிக்காமல் அதன் ஓரத்தைக் காதில் நிறுத்திப் பேச வேண்டியிருந்தது. விளையாட்டு அட்டையை மாற்றுவதற்குப் பற்றரியையே கழற்ற வேண்டும். அடுத்த ஆண்டு வந்த திருத்திய மாதிரி அந்தக் குறைகளைச் சரிசெய்தபோது சந்தை சிரித்து முடித்திருந்தது. 2005இல் பிரித்தானியாவில் வெளிவந்த கிஸ்மொண்டோவில் இடங்காட்டி, கமரா, குறுஞ்செய்தி எல்லாம் இருந்தன. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அதை வெளியிட்ட நிறுவனம் வங்குரோத்தாகியது. இவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் 2017இல் நின்டெண்டோ வெளியிட்ட சுவிட்ச் நிற்கிறது. கையிலும் விளையாடலாம், தொலைக்காட்சியிலும் விளையாடலாம் என்ற இரண்டே வேலைகளைச் சொல்லி, அந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்து, 15 கோடிக்கு மேல் விற்றது. மருமகனுக்கு இந்த வரலாற்றைச் சொன்னபோது, "அதெல்லாம் பழைய காலம் மாமா" என்றான். அவன் பிறந்தது கிஸ்மொண்டோ வெளிவந்த ஆண்டில்.

இனி கருவிக்கு வருவோம். இலங்கையில் நான் விசாரித்த கடைகளில் முன்பதிவு மட்டுமே எடுத்தார்கள், தொட்டுப் பார்க்கக் கருவி இல்லை. நல்ல வேளையாக, என் நண்பர் ஒருவரின் தம்பி டுபாயிலிருந்து விடுமுறையில் வரும்போது ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். வெள்ளி மாலை தொடக்கம் ஞாயிறு இரவு வரை அதை எங்கள் வீட்டில் வைத்திருக்க விட்டார். டுபாயில் வாங்கியதால் சார்ஜரின் சதுரமுனைப் பிளக் நம் வீட்டுச் சுவரில் நேராகப் பொருந்தியது என்பதை, வெளிநாட்டிலிருந்து பொருள் எடுப்பிப்பவர்களுக்காக இடையில் சொல்லி வைக்கிறேன்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலத்தில் கூட்டாளி என்று பொருள்படும் இந்தப் பெயர் தமிழில் எழுதும்போது கடல் அலையாகிவிடுகிறது. ஏழு அங்குலத் திரையின் இரு பக்கமும், எக்ஸ்பாக்ஸ் கைப்பிடியை நடுவில் பிளந்து ஒட்டவைத்தது போல, கீழ்நோக்கி நீளும் இரண்டு பிடிகள் இருக்கின்றன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்த என் அம்மா, "இதென்ன தம்பி, பிடி வைச்ச தட்டம் மாதிரி" என்றார். நான் வாசித்த எந்த விளம்பரத்தையும் விட அது சரியான விவரணை. அந்தப் பிடிகள்தான் இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் கூட. முந்திய தலைமுறைக் கையடக்கக் கருவிகளின் தட்டையான விளிம்பு உள்ளங்கையை அறுக்கும். இதில் சுண்டுவிரல் வரைக்கும் ஓர் இருப்பிடம் கிடைக்கிறது. எடை 715 கிராம். நம் வீடுகளில் வாங்கும் 400 கிராம் பால்மாப் பைக்கற்று இரண்டை இரண்டு கைகளிலும் வைத்துப் பாருங்கள். அதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டால் அது ஒரு பாரமே அல்ல. மல்லாந்து படுத்துக்கொண்டு முகத்துக்கு நேரே பிடித்தால், அரை மணி நேரத்தில் நாற்பத்தாறு வயது மணிக்கட்டு வயதைச் சொல்லிவிடும். இருபது வயது மணிக்கட்டு ஒன்றும் சொல்லவில்லை.

விளையாட்டுக் கருவி என்ற அளவில் இதில் குறை சொல்ல நான் மெனக்கெட வேண்டியிருந்தது. 1080பி தெளிவும் வினாடிக்கு 120 தடவை புதுப்பிக்கும் வேகமும் உள்ள திரையில், திறந்தவெளிக் கார்ப் பந்தயம் ஒன்றை மருமகன் ஓட்டியபோது, மழை விழுந்த தார் வீதியில் எதிரே வரும் வண்டியின் விளக்கு நீண்டு மினுங்கியதை நானும் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விசையை அழுத்தும்போது விரலுக்குள்ளேயே அதிரும் அதிர்வும் நன்றாகவே செய்யப்பட்டிருக்கிறது. ரைசன் ஏஐ இசட்2 எக்ஸ்ட்ரீம் செயலி, 24 ஜிபி மெமரி, ஒரு டெராபைட் சேமிப்பு என்ற அடுக்கு இன்றைய கையடக்கக் கருவிகளில் முன்வரிசைதான். சேமிப்பகம் மேசைக் கணினிகளில் போடும் வழக்கமான 2280 அளவில் இருப்பதால், இடம் போதாமல் போகும் நாளில் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் இரண்டு மாடி ஏறி இறங்கினால் பெரியதொன்றை வாங்கி மாற்றிக்கொள்ளலாம் என்பது கொழும்புக்காரருக்கு மெய்யான வசதி.

பற்றரியைக் கணக்காகவே பார்க்கலாம். கொள்ளளவு 80 வாற்று மணி. அமைதி நிலையில் செயலி 13 வாற்றும், இடை நிலையில் 17 வாற்றும், உச்ச நிலையில் பற்றரியில் 25 வாற்றும், சுவரில் செருகியிருந்தால் 35 வாற்றும் எடுக்கும். இவை செயலியின் பங்கு மட்டுமே. திரை, மெமரி, மின்விசிறி, வைஃபை எல்லாம் சேர்ந்து இன்னும் பத்து வாற்றுக்குக் குறையாமல் கேட்கும். ஆகவே பெரிய விளையாட்டு என்றால் இரண்டு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும், சின்ன விளையாட்டு என்றால் மூன்றரை மணி நேரம் வரை போகும். ஒரு காலத்தில் நான்கு பென்ரோச் பற்றரியில் நாள்கணக்காக ஓடிய கேம் போய்க்கு எதிராக, ஆறு பற்றரியைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்த வண்ணத்திரைக் கருவி தோற்றது என்ற செய்தி எனக்கு இந்த இடத்தில் எப்போதும் நினைவுக்கு வரும். ஆனால் இன்று வீட்டில் எல்லா அறையிலும் செருகி இருப்பதால் இதை நான் பெரிய குறையாக எடுக்கவில்லை. எனக்குக் கவலை தந்தது வேறொன்று. இது உள்ளே காற்றை இழுத்துச் சூட்டை வெளியே தள்ளும் கருவி. மரைன் டிரைவுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கும் எங்கள் வீட்டில் ஜன்னல் கம்பியும் கதவுப் பிணைச்சலும் இரண்டு வருடத்தில் துருப்பிடிக்கின்றன. அந்த உப்புக் காற்றைத்தான் இதுவும் மூச்சாக இழுக்கப்போகிறது. பெயர் பொருத்தம் பார்த்து மகிழ்வதற்கு இடமில்லை.

சரி, பல்பயன் என்ற பேச்சுக்கு வருவோம், ஏனென்றால் விலையில் பெரும்பகுதி அந்தப் பேச்சுக்குத்தான். இது உண்மையில் முழு விண்டோஸ் 11 ஓடும் கணினி. தொடக்கும்போது எக்ஸ்பாக்ஸ் முகப்புத் திரை நேரே வந்து நிற்கும். வழக்கமான மேசைத்திரையின் பாகங்களை ஏற்றாமல் விடுவதால் 2 ஜிபி வரை மெமரி மிச்சமாகிறது என்று மைக்ரோசொஃப்ட் சொல்கிறது. விரும்பினால் அங்கிருந்து மேசைத்திரைக்கு மாறலாம். மாறினால் அது உங்கள் அலுவலகத்தில் இருக்கும் அதே விண்டோஸ், ஆனால் ஏழு அங்குலத்தில். எழுத்துகளின் அளவு கண்ணாடிக் கடையில் கடைசி வரியைப் படிக்கச் சொல்வது போல இருக்கும்.

சனிக்கிழமை காலை இதை ஒரு கணினியாகப் பயன்படுத்தியே பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தோம். ஒரே துளையில் பல சாதனங்களைச் செருக உதவும் யூஎஸ்பி-சி ஹப் ஒன்றின் வழியாக வரவேற்பறைத் தொலைக்காட்சியையும், என் அலுவலக விசைப்பலகையையும் சுட்டியையும் இணைத்தோம். மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துத் தமிழ்99 விசைப்பலகையைத் தெரிவுசெய்தேன். நீங்கள் மேலே வாசித்த புறக்கோட்டைப் பத்தியை அதிலேயே, தொலைக்காட்சித் திரையில், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதினேன். ஒரு எழுத்தும் சதுரக் கட்டமாகவில்லை. பதினைந்து வருடத்துக்கு முந்திய மனக்குறை ஒன்று அந்த இடத்தில் தீர்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மருமகன் தன் பாடத்துக்குத் தேவையான நிரலாக்க மென்பொருளை நிறுவி, ஒப்படை ஒன்றைத் திறந்து ஓட்டிக் காட்டினான். அதுவும் ஓடியது. அவன் முகத்தில் "பார்த்தீர்களா" என்ற எழுத்து தெரிந்தது.

பிறகு, அவன் திங்கட்கிழமை விரிவுரைக்குப் போவது போல எல்லாவற்றையும் பையில் போடச் சொன்னேன். கருவி, அதன் உறை, சார்ஜர், ஹப், விசைப்பலகை, சுட்டி, கருவியை நிமிர்த்தி நிறுத்த ஒரு தாங்கி. பையைக் குளியலறைத் தராசில் வைத்துப் பார்த்தபோது, அவனுடைய பழைய மடிக்கணினிப் பையை விட அது இலேசாக இல்லை. அதிலும் இந்தப் பையில் திரை ஏழு அங்குலம்தான், ஏனென்றால் தொலைக்காட்சியைப் பையில் போட முடியாது. விரிவுரை மண்டபத்தில் நாற்காலியோடு ஒட்டிய அந்தச் சின்னப் பலகையில் இவை அனைத்தையும் எப்படிப் பரப்புவது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, குறிப்பைக் கொப்பியில் எழுதிக்கொள்ளலாம் என்றான். கொப்பி, இந்தக் கருவியின் பயன்களில் ஒன்று அல்ல.

எக்ஸ்பாக்ஸ் என்ற பெயர்தான் இதில் மிகக் கவனமாக வாசிக்க வேண்டிய சொல். அந்தப் பெயர் முகப்பில் இருப்பதால், தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் எக்ஸ்பாக்ஸ் பெட்டிக்கு, அதாவது கொன்சோலுக்கு, வாங்கிய விளையாட்டுகள் எல்லாம் இதில் ஓடும் என்று எண்ணுபவர்கள் பலர். எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருந்தார். ஓடாது. கணினிக்கென வெளியான பதிப்பு உள்ளவை மட்டுமே இதில் நேரடியாக ஓடும். ஒரு தடவை வாங்கினால் கொன்சோலிலும் கணினியிலும் விளையாடலாம் என்ற திட்டத்துக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட விளையாட்டுகள் இருக்கின்றன என்பது உண்மை. மற்றவற்றை வீட்டிலுள்ள கொன்சோலிலிருந்து வைஃபை வழியாக இழுத்தோ, தொலைவிலுள்ள கணினியில் ஓடும் விளையாட்டை இணையம் வழியாகத் திரைக்கு அனுப்பும் மேகச் சேவை மூலமாகவோதான் விளையாட வேண்டும்.

இந்த இடத்தில்தான் கொழும்பு குறுக்கே வருகிறது. எங்கள் வீட்டில் எக்ஸ்பாக்ஸ் கொன்சோல் இல்லை, ஆகவே இழுப்பதற்கு ஒன்றுமில்லை. மேகச் சேவை இலங்கைக்கு வழங்கப்படவில்லை. மாதச் சந்தாவில் நூற்றுக்கணக்கான விளையாட்டுகளைத் தரும் கேம் பாஸ்தான் இந்தக் கருவியின் இருதயம் என்று எல்லா மதிப்புரைகளும் எழுதுகின்றன; கணினிக்கான அந்தச் சந்தாவை 2023இல் ஒரே மூச்சில் 40 புதிய நாடுகளுக்கு விரிவாக்கினார்கள், அந்த 40க்குள்ளும் இலங்கை இல்லை. வெளிநாட்டிலுள்ள உறவினரின் முகவரியைப் போட்டு, அங்கிருந்து பரிசு அட்டைக் குறியீடு வாங்கி, கணக்கின் நாட்டை மாற்றி விளையாடும் வழிகளை நம் பிள்ளைகள் நன்றாகவே அறிவார்கள். மருமகனும் கனடாவில் ஸ்காபரோவில் உள்ள சித்தப்பாவின் முகவரியைத் தயாராக வைத்திருக்கிறான். ஆனால் நான்கு இலட்சம் ரூபாப் பொருளின் இருதயம் சித்தப்பாவின் தபால் குறியீட்டில் துடிப்பது எனக்கு உவப்பாக இல்லை. போதாததற்கு, சந்தாவின் உயர்ந்த படியின் விலை கருவி வெளிவருவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர் மாதம் 29.99 டொலராக ஏற்றப்பட்டது.

மிஞ்சுவது கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடை. அது இங்கே நேர்வழியில் வேலை செய்கிறது. தெற்காசிய நாடுகளுக்கெனத் தனியாக வகுத்த டொலர் விலையில் வாங்கலாம், சில விளையாட்டுகள் அமெரிக்க விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கும். மருமகனிடம் ஏற்கனவே அதில் முப்பதுக்கு மேல் விளையாட்டுகள் இருக்கின்றன. கருவி நம் கையில் இருந்த மூன்று நாளும் அவன் விளையாடியவற்றில் பெரும்பாலானவை அவைதான். அப்படியானால் எக்ஸ்பாக்ஸ் என்ற பெயருக்குக் கொடுக்கும் காசு எதற்கு என்ற கேள்வி எழும். அது எழத்தான் வேண்டும், ஏனென்றால் ஸ்டீமுக்கென்றே உருவாக்கப்பட்டு 2022இல் வெளிவந்த ஸ்டீம் டெக், இதைவிட வேகம் குறைந்த கருவியாயினும், விசையை ஒரு தடவை தட்டியதும் தூங்கி, மறுபடி தட்டியதும் விட்ட இடத்திலேயே விழிக்கும் பழக்கத்துக்குப் பேர்போனது. விண்டோஸ் கணினிகளின் தூக்கம் அவ்வளவு நம்பிக்கைக்குரியது அல்ல என்பது மடிக்கணினியைத் தூங்கவைத்துப் பையில் போட்டுச் சூடாக வெளியே எடுத்த எவருக்கும் தெரியும். அடுப்பில் பருப்பு வேகும் பத்து நிமிடத்தில் எடுத்து, குக்கர் விசிலடித்ததும் வைத்துவிட முடிகிற கருவிதான் எனக்குக் கையடக்கக் கருவி. மற்றவை சின்னக் கணினிகள்.

பதிவிறக்கத்தையும் விட்டுவிட முடியாது. இன்றைய பெரிய விளையாட்டு ஒன்று 100 ஜிபியைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. எங்கள் வீட்டு இணைப்பு மாதத்துக்கு இவ்வளவு என்று அளந்து தரும் பொதி. சனி இரவு ஒரேயொரு விளையாட்டை இறக்கியதில் மாதத்தின் பெரும்பகுதி போய்விட்டது, திங்கட்கிழமை அக்காவின் வீட்டுக்கு விரட்டப்படுவதற்கு முன்னர் மருமகன் என் தொலைபேசியில் மேலதிக டேட்டா வாங்கிப் போட்டான், அதுவும் என் காசில்தான்.

எங்கே வைத்து விளையாடுவது என்ற கேள்விக்கு விளம்பரங்களில் ரயிலின் ஜன்னலோர இருக்கை காட்டப்படுகிறது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குக் காலை ஏழரை மணி ரயிலில் போகிறவருக்கு இது சிரிப்பை வரவழைக்கும். ஜன்னலுக்கு வெளியே கடல் இருப்பது உண்மை. ஆனால் ஒரு கையால் மேற்கம்பியையும் மறு கையால் பையையும் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு இந்தக் கருவியைப் பிடிக்க மூன்றாவதும் நான்காவதுமாக இரண்டு கைகள் வேண்டும். பஸ்ஸைப் பற்றி எழுதவே தேவையில்லை. மின்வெட்டுக்கு உதவும் என்பது மருமகனின் வலுவான வாதம். 2022இல் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் இருந்ததையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதில் நாடு முழுவதும் இருண்டதையும் அவன் எடுத்துக்காட்டினான். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தொடர்மாடியில் நடந்ததை நான் நினைவூட்டினேன்: மின்தூக்கி நின்றது, தண்ணீர் மோட்டர் நின்றது, எல்லோரும் மொட்டை மாடிக்கு வந்து காற்று வாங்கினார்கள், அவன் மூன்றாம் மாடிப் பிள்ளைகளோடு கரம் விளையாடினான். அன்று எவருக்கும் தேவைப்பட்டது தொலைபேசிக்குச் சார்ஜ். 80 வாற்று மணி பற்றரியிலிருந்து யூஎஸ்பி வழியாகத் தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றலாம் என்று அவன் உடனே சொன்னான். அது சரிதான்; ஆனால் உலகிலேயே விலை கூடிய பவர்பாங்காக அது இருக்கும்.

விலை. அமெரிக்க அறிமுக விலை 999.99 டொலர். டொலர் 300 ரூபாவுக்கு மேல் நிற்கும்போது அதுவே மூன்று இலட்சம். 18 சதவீத வற் வரியை மட்டும் சேர்த்தால் மூன்றரை இலட்சத்தைத் தாண்டும். கப்பல் கூலி, ஏனைய வரிகள், கடைக்காரரின் இலாபம் எல்லாம் சேர்ந்து பம்பலப்பிட்டியிலும் கொள்ளுப்பிட்டியிலும் எனக்குச் சொல்லப்பட்ட தொகைகள் நான்கு இலட்சத்தை ஒட்டி நின்றன. 599.99 டொலர் அறிமுக விலையில் இதன் தம்பியாக எக்ஸ் இல்லாத மாதிரி ஒன்றும் வந்தது. அதில் செயலி கணிசமாகச் சிறியது, மெமரி 16 ஜிபி. இரண்டுக்கும் முழுப் பணத்தைக் கட்டி முன்பதிவு செய்யச் சொன்ன கடையில், விலை நாளைய டொலருக்கா இன்றைய டொலருக்கா என்று கேட்டேன். 2022இல் சில மாதங்களுக்குள் 200 ரூபா டொலர் 350ஐத் தாண்டியதைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். "வரும்போது பார்ப்போம்" என்பதே பதில்.

உத்தரவாதம் பற்றிய பேச்சு அதைவிடச் சுவையானது. ஒரு வருட உத்தரவாதம் என்றார்கள். யாருடைய உத்தரவாதம் என்று கேட்டபோது, கடை உத்தரவாதம் என்றார்கள். இந்தச் சொற்றொடரின் பொருளை நான் முன்பு ஒரு டெப்லட் விடயத்தில் படித்துத் தேர்ந்திருக்கிறேன். அதுவும் கொழும்பில் ஒரு பெரிய கடையில் வாங்கியதுதான். சார்ஜ் ஏறாமல் போனதும் கொண்டுபோய்க் கொடுத்தேன்; "சென்ரருக்கு அனுப்பியிருக்கிறோம்" என்று மூன்று மாதம் சொன்னார்கள்; நான்காவது மாதம் அதே நிலையில் திரும்பி வந்தது, கூடவே "தண்ணீர் பட்டிருக்கிறது" என்று எழுதிய சின்னக் காகிதத் துண்டு ஒன்று. கடற்கரையோரம் இருப்பவரின் பொருளில் ஈரம் கண்டுபிடிப்பது பெரிய வித்தையல்ல. கட்டைவிரல் பிடியின் கீழ் உள்ள பாகங்கள் தேய்ந்துபோகும் இந்த வகைக் கருவிக்கு, உதிரிப்பாகத்தோடு கூடிய உள்ளூர் முகவர் ஒருவர் எழுத்தில் பொறுப்பேற்காதவரை நான்கு இலட்சத்தைக் கட்டுவது துணிச்சல்தான்.

இன்னுமொன்றைச் சொல்லவேண்டும். இந்தச் செயலிக்குள் செயற்கை நுண்ணறிவு வேலைகளுக்கென ஒரு தனிப் பகுதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தி விளையாட்டுகளின் காட்சியைத் தானாகவே மெருகேற்றும் வசதி, கருவி வெளிவந்தபோது கூடவே வரவில்லை. 2026இன் தொடக்கத்தில் இற்றைப்படுத்தலாக வரும் என்று சொல்லப்பட்டது. அது நன்றாகவே இருக்கலாம். ஆனால் வாங்கும்போது பெட்டிக்குள் இல்லாததற்கு வாங்கும்போதே விலை கொடுக்கும் பழக்கத்தை நான் முதலாம் குறுக்குத் தெருவிலேயே விட்டுவிட்டேன்.

மேசைக் கணினியோ நல்ல மடிக்கணினியோ ஏற்கனவே வைத்திருப்பவர், ஸ்டீமில் நிறைய விளையாட்டுகளைச் சேர்த்து வைத்திருப்பவர், டுபாயிலோ சிங்கப்பூரிலோ பில்லோடு வாங்கித் திருத்த வேண்டுமானால் அங்கேயே கொண்டுபோய்க் கொடுக்க வசதி உள்ளவர் என்றால், இந்தக் கருவி அவரை ஏமாற்றாது. கையில் பிடித்து விளையாடும் அந்த ஒரு வேலையை அது மிக அழகாகச் செய்கிறது. எங்கள் வீட்டுக் கணக்கு வேறு. ஞாயிறு மாலை மருமகன் கருவியைத் துணியால் துடைத்து, உறையில் போட்டு, நண்பரின் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகும் வழியில் ஆட்டோவில் எனக்குப் பக்கத்தில் அமைதியாக இருந்தான். தெஹிவளைப் பாலம் தாண்டும்போது, "மாமா, பழைய லப்டொப்புக்கு ரெம் மட்டும் கூட்டினால் இன்னும் ஒரு வருசம் போகும்" என்றான். செவ்வாய்க்கிழமை யுனிட்டி பிளாசாவில் 8 ஜிபிக்கு விலை கேட்டிருக்கிறோம். மிச்சப் பணத்தை அவன் தொடக்கூடாது என்று அக்காவின் பெயரில் போட்டுவைத்திருக்கிறேன். உள்ளூர் முகவர் வந்துவிட்டாரா என்று அவன் கிழமைக்கு ஒருமுறை கேட்கிறான்.